இன்கா நாடும் திண்டுக்கல் பாளையங்களும்: ஒரு வரலாற்று ஒப்பீடு

தென்னமெரிக்காவின் இன்கா மக்கள் ஸ்பானியரிடம் வீழ்ந்த வரலாற்றை நம் மாணவர்கள் ஓரளவு அறிவர். பொதுஅறிவு நூல்களில் அது இடம்பெறுகிறது. போட்டித் தேர்வுகளிலும் கேட்கப்படுகிறது. ஆனால் வத்தலக்குண்டிலிருந்து செம்பட்டி, ஒட்டன்சத்திரம் வழியாகப் பழனிச் சாலையில் இரண்டு மணி நேரத்திற்குள் சென்றடையக்கூடிய விருப்பாட்சி எப்படி வீழ்ந்தது என்று வகுப்பறையில் வினவினால் விடை வருவதில்லை. 'விருப்பாட்சி வாழைப்பழம்' என்று ஒரு குரல் எழும். மலைவாழைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது பெருமைதான். ஆயினும் ஓர் ஊர் தன் பழத்தால் மட்டுமே நினைக்கப்படுவது அவ்வூருக்கும் நமக்கும் போதுமானதன்று.

இவ்விரு வீழ்ச்சிகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம். ஒன்று பதினாறாம் நூற்றாண்டு. மற்றொன்று பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதி. ஒன்று பேரரசு, மற்றொன்று மலையடிவாரத்துச் சிறு பாளையம். அளவில் இவை ஒப்பாகா என்பது வெளிப்படை. ஆனால் தொலைவிலிருந்து கப்பலேறி வந்த ஒரு சிறு கூட்டம் ஒரு நாட்டின் தலைமையை எவ்வழிகளில் வீழ்த்தியது என்று ஆராயும்போது, இரண்டிலும் அடுத்தடுத்து ஒரே அடிச்சுவடுகள் தென்படுகின்றன. வேறுபடும் இடங்களும் உண்டு. அவற்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும்.

கஹமார்காவில் நிகழ்ந்தது

இன்கா நாடு ஆந்தீஸ் மலைத்தொடரின் மேல் ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர் நீளத்திற்குப் பரவிக் கிடந்தது. தலைநகர் கூஸ்கோ. 30,000 கிலோமீட்டருக்கு மேற்பட்ட சாலைகள் அந்நாட்டை இணைத்தன. சக்கர வண்டி இல்லை, குதிரை இல்லை, இரும்பு இல்லை. எழுத்தும் இல்லை. முடிச்சுகள் இட்ட 'கிப்பு' என்னும் நூற்கயிறுகளில் கணக்கு வைத்தனர். தானியக் களஞ்சியங்களில் என்ன இருக்கிறது, எந்த ஊரார் எத்தனை நாள் வேலை செய்தனர் என்பதெல்லாம் அக்கயிறுகளில் அடங்கியிருந்தன.

ஸ்பானியர் பெருவில் காலூன்றுவதற்கு முன்பே அவர்களுடைய நோய் அங்குச் சென்றுவிட்டது. பெரியம்மை என்று பெரும்பாலான ஆய்வாளர் கருதும் அக்கொள்ளை நோயில் அரசர் வாய்னா காபாக் மாண்டார் என்பர். அவருடைய மைந்தர்களான வாஸ்கரும் அதாவால்பாவும் அரியணைக்காகப் போரிட்டனர். அதாவால்பா வென்று ஓய்ந்த வேளையில்தான், 168 வீரருடன் பிரான்சிஸ்கோ பிசாரோ மலையேறி வந்தான். 1532 நவம்பர் 16ஆம் நாள் கஹமார்கா நகரச் சதுக்கத்தில் இருவரும் சந்தித்தனர். அதாவால்பாவுடன் வந்த ஆயிரக்கணக்கானோரில் பெரும்பாலார் படைக்கலம் இன்றியே வந்தனர். வால்வெர்தே என்னும் பாதிரியார் முன்வந்து ஒரு நூலை நீட்டிச் சமயத்தையும் ஸ்பானிய மன்னரின் ஆணையையும் ஏற்குமாறு கூறினார். எழுத்தையே அறியாத நாட்டின் அரசர் அந்நூலை வாங்கிப் பார்த்து எறிந்தார். அதுவே குற்றமாயிற்று. பீரங்கி முழங்கிற்று, குதிரைகள் பாய்ந்தன, மாலைக்குள் அரசர் சிறைப்பட்டார்.

தம்மை விடுவிப்பதற்கு ஓர் அறை நிறையப் பொன்னும், அதைப்போல் இருமடங்கு வெள்ளியும் தருவதாக அதாவால்பா ஒப்புக்கொண்டார். சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் செய்தார். உருக்கி நிறுத்தபோது ஏறத்தாழ ஆறு டன் பொன்னும் பன்னிரண்டு டன் வெள்ளியும் தேறின. அதன் பிறகும் 1533இல் அவரைக் கழுத்தை நெரித்துக் கொன்றனர். அதற்கென ஒரு விசாரணையும் நடத்தப்பட்டது. உடன்பிறந்தானைக் கொன்றார் என்பது அவர்மேல் சாட்டப்பட்ட குற்றங்களுள் ஒன்று. பிறர் நாட்டில் புகுந்து பொருள் பறித்தவன் நீதிபதியின் இருக்கையில் அமர்ந்த காட்சி அது. இதே காட்சியை நாம் கயத்தாற்றிலும் காண்போம்.

இன்காக்கள் அத்துடன் அடங்கிவிடவில்லை. 1536இல் மாங்கோ இன்கா கிளர்ந்தெழுந்து கூஸ்கோவை முற்றுகையிட்டார். முற்றுகை தோற்றதும் வில்கபாம்பா என்னும் காட்டு மலைப்பகுதிக்குள் புகுந்து ஒரு சிற்றரசை நிறுவினார். அது முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் நின்றது. 1572இல் கடைசி அரசர் தூபாக் அமாரு பிடிபட்டுக் கூஸ்கோ நகர நடுவில் தலை வெட்டப்பட்டார்.

திண்டுக்கல் சீமை

இனி நம் பக்கம் வருவோம். மதுரை நாயக்கர் ஆட்சியில் நாடு பாளையங்களாகப் பகுக்கப்பட்டது. பாளையக்காரர் தம் எல்லைக்குள் வரி தண்டுவர், காவல் செய்வர், வழக்குத் தீர்ப்பர், வேந்தர் அழைத்தால் படையுடன் செல்வர். திண்டுக்கல் சீமையில் மட்டும் இருபதுக்கு மேற்பட்ட பாளையங்கள் இருந்தன. விருப்பாட்சி, ஆயக்குடி, இடையகோட்டை, கன்னிவாடி, நிலக்கோட்டை, அம்மையநாயக்கனூர், போடிநாயக்கனூர், எரசக்கநாயக்கனூர் என்று அப்பெயர்களைச் சொல்லிப் பாருங்கள். நாம் நாள்தோறும் பேருந்துப் பலகைகளில் படிக்கும் ஊர்கள்தாம் அவை.

நாயக்கர் ஆட்சி பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் முடிந்தது. ஆர்க்காட்டு நவாபு ஒருபுறமும் மைசூர் மறுபுறமும் இழுக்க, திண்டுக்கல் மைசூரின் கைக்குச் சென்றது. 1755இல் ஹைதர் அலி திண்டுக்கல்லின் பௌஜ்தாராக அமர்ந்தார். பிரெஞ்சுக்காரரின் துணைகொண்டு இங்கே படைக்கலச் சாலை அமைத்தார். பிற்காலத்தில் மைசூரையே ஆண்ட அம்மாவீரருக்கு அரசியல் பயிற்சிக்களமாக அமைந்தது நம் மலைக்கோட்டையே. ஹைதரின் குடும்பத்துப் பெண்மணி அமீருன்னிசா பேகத்தின் அடக்கத்தலமும் பள்ளிவாசலும் அமைந்த பகுதி இன்றும் பேகம்பூர் என்றே வழங்குகிறது.

நம் வத்தலக்குண்டும் அக்காலத்தில் கோட்டையூர். 1760இல் மதுரையிலிருந்து வந்த கான்சாகிபு யூசுப்கானின் படைக்கும், திண்டுக்கல்லிலிருந்து வந்த மைசூர்ப் படைக்கும் இடையே இவ்வூர்க் கோட்டை கைமாறிற்று. கான்சாகிபு அப்போது கம்பெனியாரின் தளபதி. பாளையக்காரரை அடக்கி வரி தண்டித் தந்தவர். பின்னர் அதே கம்பெனியையும் நவாபையும் எதிர்த்து நின்று, தம்மைச் சூழ்ந்திருந்தோராலேயே பிடித்துக் கொடுக்கப்பட்டு, 1764 அக்டோபர் 15இல் மதுரையில் தூக்கிலிடப்பட்டார். அவர் வாழ்க்கையை ஒரு பக்கமாக மட்டும் படிக்க இயலாது. அன்னியருக்கு ஆயுதமாக இருந்தவரே அன்னியருக்கு எதிரியானார். இன்கா நாட்டு மாங்கோவின் கதையும் இதுவே. ஸ்பானியர் தம் கைப்பாவையாக முடிசூட்டிய அரசர்தாம் மூன்றாண்டு கழித்து அவர்கள்மேல் படை திரட்டினார்.

வேதநூலும் கணக்கேடும்

ஸ்பானியர் தம் படையெடுப்பிற்குச் சமயத்தைக் காரணம் காட்டினர். 1513இல் அவர்கள் ஓர் அறிக்கையே எழுதி வைத்திருந்தனர். போப்பாண்டவர் இந்நிலங்களை ஸ்பானிய மன்னருக்கு வழங்கிவிட்டார், பணிந்தால் நலம், பணியாவிடில் போரும் அடிமைத்தனமும் வரும், அக்கேட்டுக்குப் பொறுப்பு உங்களுடையதே என்பது அதன் சாரம். கேட்போருக்கு ஒரு சொல்லும் விளங்காத மொழியில் அதனைப் படித்துவிட்டுத் தாக்குவர்.

ஆங்கிலக் கம்பெனி இங்கே நீட்டியது வேதநூலை அன்று, கணக்கேட்டை. ஆர்க்காட்டு நவாபு முகம்மது அலி கம்பெனியிடம் தீராத கடன் பட்டார். அக்கடனுக்கு ஈடாக, 1792ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி, பாளையக்காரரிடம் பேஷ்குஷ் தண்டும் உரிமை கம்பெனிக்குச் சென்றது. அவ்வாண்டிலேயே ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் திப்பு சுல்தான் திண்டுக்கல்லை இழந்தார். 1790 ஆகஸ்டிலேயே கர்னல் ஸ்டூவர்ட்டின் படை மலைக்கோட்டையைப் பிடித்துவிட்டது. உடன்படிக்கை அதனைச் சட்டமாக்கியது. இவ்வாறு, தாம் கையெழுத்திடாத இரண்டு காகிதங்களினால் தென்பாண்டி நாட்டுப் பாளையக்காரர் எல்லாரும் கம்பெனியின் கடனாளிகளாயினர்.

இவ்விடத்தில் சற்று நின்று எண்ணிப் பார்க்கவேண்டும். நிலுவை என்பது வெறும் எண். அதனை எழுதுபவன் கையில்தான் அதிகாரம் இருக்கிறது. பாஞ்சாலங்குறிச்சிக் கட்டபொம்மன் நிலுவை வைத்தார் என்று கலெக்டர் ஜாக்சன் அழைப்பாணை விடுத்தார். கலெக்டரைக் காண்பதற்காகக் கட்டபொம்மன் 23 நாள், ஏறத்தாழ 400 மைல், ஊர் ஊராக அலைக்கழிக்கப்பட்டார். 1798 செப்டம்பர் 10இல் இராமநாதபுரத்தில் சந்திப்பு நிகழ்ந்தபோது கைகலப்பில் முடிந்தது. கஹமார்காச் சதுக்கத்தின் சாயல் இராமலிங்க விலாசத்தில் தெரிகிறது அல்லவா? அங்கே அரசர் சிக்கினார். இங்கே கட்டபொம்மன் தப்பினார்; அவருடைய செயலர் சிவசுப்பிரமணிய பிள்ளை சிக்கினார். மறு ஆண்டு செப்டம்பரில் பானர்மேன் பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கினான். புதுக்கோட்டைத் தொண்டைமானின் ஆட்கள் கட்டபொம்மனைப் பிடித்துக் கொடுத்தனர். 1799 அக்டோபரில், சுற்றுப்புறப் பாளையக்காரர்களைக் கூட்டி நிற்கவைத்து விசாரணை என்ற ஒன்றை நடத்தி, கயத்தாற்றில் தூக்கிலிட்டனர்.

விருப்பாட்சியின் பங்கு

விருப்பாட்சிப் பாளையக்காரர் கோபால நாயக்கரின் பெயர் வரலாற்றில் இருமுறை ஒளிர்கிறது. முதல்முறை அடைக்கலம் தந்தவராக; மறுமுறை படை திரட்டியவராக.

1772 ஜூனில் காளையார்கோவிலில் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் கொல்லப்பட்டார். அரசியார் வேலு நாச்சியார் சிறுமகளுடன் வெளியேறி விருப்பாட்சிக்கு வந்து சேர்ந்தார். எட்டாண்டுக் காலம் இப்பகுதியே அவருக்குப் புகலிடமாயிற்று. அமைச்சர் தாண்டவராய பிள்ளை ஹைதர் அலிக்கு மடல் எழுதி, ஐயாயிரம் காலாட்படையும் ஐயாயிரம் குதிரைப்படையும் கேட்டார். ஹைதரைக் கண்டபோது வேலு நாச்சியார் தம் நிலையை உருது மொழியில் எடுத்துரைத்தார். உள்ளம் நெகிழ்ந்த ஹைதர், வேண்டிய உதவியைச் செய்யுமாறு திண்டுக்கல் கோட்டையிலிருந்த சையிதுக்கு ஆணையிட்டார். 1780இல் அரசியார் சிவகங்கையை மீட்டார். தெலுங்கு பேசும் பாளையக்காரரின் நிழலில் தங்கி, உருதில் உரையாடி, தமிழ்ச் சீமையை மீட்ட அரசியின் வரலாறு நம் மாவட்ட மண்ணில் நிகழ்ந்தது. மாவட்டத்துப் பள்ளிப் பிள்ளைகள் எத்தனை பேருக்கு இது தெரியும்?

கட்டபொம்மனின் முடிவுக்குப் பின் எதிர்ப்பு அணையவில்லை, பரவிற்று. மருது சகோதரர் சிவகங்கையிலும், கோபால நாயக்கர் திண்டுக்கல்லிலும் கூட்டணி அமைத்தனர். மணப்பாறை லட்சுமி நாயக்கரும் தேவதானப்பட்டி பூஜை நாயக்கரும் திண்டுக்கல் கூட்டணியில் இருந்தனர். தேவதானப்பட்டி நமக்கு அண்டை ஊர். வத்தலக்குண்டிலிருந்து பெரியகுளம் செல்லும் வழியில் இருப்பது. திப்பு சுல்தான் உயிருடன் இருந்த நாளிலேயே விருப்பாட்சிக்குத் தூதுக்குழு அனுப்பி நட்புறவு பேணினார். 1799 மே 4இல் அவர் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் போர்க்களத்திலேயே வீழ்ந்தார். அந்தத் துணையை இழந்த பிறகும் இவர்கள் பின்வாங்காமல் நின்றனர் என்பதே கவனிக்கத்தக்கது.

1800 ஏப்ரலில் விருப்பாட்சியில் கூடிய கூட்டம் கம்பெனிக்கு எதிராக எழுவதென முடிவு செய்தது. மலபாரில் கேரள வர்மர், மைசூர்ப் பகுதியில் கிருஷ்ணப்ப நாயக்கர் என்று தொலைதூரத்தாருடனும் தொடர்பு இருந்தது. ஜூனில் கோயம்புத்தூரில் எழுச்சி வெடித்தது, தோற்றது. கோவை, சத்தியமங்கலம், தாராபுரம் ஆகிய இடங்களில் பிடிபட்டோர் தூக்கிலிடப்பட்டனர். 1801 பிப்ரவரியில் ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி, இடிக்கப்பட்ட பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைச் சில நாளிலேயே மீண்டும் எழுப்பியது எழுச்சிக்குப் புத்துயிர் ஊட்டியது. ஜூன் 16இல் சின்ன மருதுவின் பேரறிக்கை திருச்சிராப்பள்ளிக் கோட்டையிலும் திருவரங்கத்திலும் ஒட்டப்பட்டது. பிராமணர், சத்திரியர், வைசியர், சூத்திரர், முசல்மான்கள் என எல்லாரையும் பெயர் சொல்லி அழைத்த அறிக்கை அது. நவாபு மதியின்றி ஐரோப்பியருக்கு இடம் கொடுத்ததையும் அது ஒளிக்காமல் கூறிற்று.

விருப்பாட்சி அதற்குள் விழுந்துவிட்டது. கர்னல் இன்னஸின் படை 1801இல் பாளையத்தைத் தாக்கிற்று. கோபால நாயக்கர் மலைக்குள் சென்றார். ஆனைமலைப் பகுதியில் உழவர் மக்கள் துணைநிற்கக் கடுமையாகப் போரிட்டார். மாங்கோ இன்காவுக்கு வில்கபாம்பா எப்படியோ அப்படியே இவருக்கு இந்த மலைகள். மலை ஓரளவுதான் காக்கும். சமவெளியில் உப்புக்கும் மருந்துக்கும் வெடிமருந்துக்கும் வழி அடைபட்டால் மலையும் சிறையாகிவிடும். பிடிபட்ட அவரைத் திண்டுக்கல்லில் தூக்கிலிட்டனர். கோபாலசமுத்திரக் கரையில் அது நிகழ்ந்தது என்பது ஊர்வழக்கு.

அக்டோபர் 24இல் மருது சகோதரர் திருப்பத்தூரிலும், நவம்பர் 16இல் ஊமைத்துரை பாஞ்சாலங்குறிச்சியிலும் உயிர் நீத்தனர். ஓராண்டுக்குள் தென்னாட்டுத் தலைமை முழுவதும் துடைத்தெறியப்பட்டது.

எப்பக்கம் நின்றோர் யார்?

168 பேர் எவ்வாறு ஒரு பேரரசை வென்றனர் என்னும் வினா பல காலமாகக் கேட்கப்பட்டு வருகிறது. குதிரை, இரும்பு, துப்பாக்கி, பெரியம்மை என்று விடை கூறுவர். அவையெல்லாம் உண்மைதான். ஆனால் இன்காக்களிடம் ஏற்கெனவே தோற்று மனம் வெதும்பியிருந்த கன்யாரி, வாங்கா போன்ற குடியினர் ஆயிரமாயிரமாக ஸ்பானியருடன் சேர்ந்துகொண்டனர் என்பதை அண்மைக்கால ஆய்வுகள் வலியுறுத்துகின்றன. இன்காக்களும் பிறர் நாட்டைப் பிடித்துப் பேரரசு அமைத்தவர்களே. சுமை தூக்கியவரும், வழி காட்டியவரும், முன்வரிசையில் நின்றவரும் அம்மண்ணின் மைந்தரே.

இங்கும் அவ்வாறே. கம்பெனிப் படையின் சிப்பாய்கள் எங்கிருந்து வந்தனர்? தமிழர், தெலுங்கர், முஸ்லிம்கள் என நம்மவரே. எட்டயபுரமும் புதுக்கோட்டையும் கம்பெனி பக்கம் நின்றன. 1801இல் சிவகங்கைக்குப் புதிய அரசர் ஒருவரைக் கம்பெனி முடிசூட்டியது மருதுவின் படையையே பிளந்தது.

நம் விழா மலர்களில் விடுதலைப் போரில் முஸ்லிம்களின் பங்கு பற்றிய கட்டுரைகள் தவறாமல் வருகின்றன. ஹைதர், திப்பு, கான்சாகிபு ஆகியோரைப் போற்றுகிறோம். போற்றத்தக்கவரே. ஆயினும் கம்பெனியை உள்ளே அழைத்த நவாபு முகம்மது அலியும் நம் வரலாற்றின் ஓர் ஏடுதான். அதனைக் கிழித்துவிட்டு நூலைப் படிக்கலாகாது. அதுபோலவே ஹைதரும் திப்புவும் நிலுவைக்காகத் திண்டுக்கல் பாளையங்கள் பலவற்றைப் பறிமுதல் செய்தவர்களே. 1790இல் கம்பெனி வந்தபோது அவற்றுள் சிலவற்றை உரியவரிடம் திருப்பித் தந்தது. அன்று அதனை நன்மையென நம்பியோர் இருந்தனர். பத்தாண்டுக்குள் அவர்கள் கண்டது வேறு. மைசூர் கேட்டது பணமும் படையும். கம்பெனி கேட்டது பணமும், இனி யாருமே படை வைத்திருக்கக் கூடாது என்பதும். இந்த வேறுபாட்டைக் கோபால நாயக்கர் உணர்ந்திருந்தார் என்றே கருதுகிறேன். இல்லாவிட்டால், தன் முன்னோரைத் திறைக்காக நெருக்கிய மைசூருடன் அவர் கைகோத்ததற்குக் காரணம் காண்பது அரிது.

பாளையக்காரர் அனைவரும் குடிகளுக்குத் தாய் தந்தையாக விளங்கினர் என்று எழுதவும் என் கை எழவில்லை. காவல் வரி என்ற பெயரில் சிற்றூர்களை வாட்டியவர் உண்டு. எல்லைச் சண்டையில் அண்டைப் பாளையத்தின் பயிரை அழித்தவர் உண்டு. ஆனால் ஏரி உடைந்தால் அதே ஊரில் இருந்தவர் அவர். முறையிட நடந்து போகும் தூரத்தில் இருந்தவர் அவர். 1801க்குப் பின் முறையீடு கேட்பவர் கடலுக்கு அப்பால் ஒரு கம்பெனியின் பங்குதாரரிடம் கணக்குச் சொல்லவேண்டியவர் ஆனார்.

வீழ்ச்சிக்குப் பின்

1801 டிசம்பர் 1இல் ஆளுநர் எட்வர்டு கிளைவ் விடுத்த அறிக்கை படைக்கலம் தரிப்பதைத் தடை செய்தது. கோட்டைகள் தரைமட்டமாக்கப்பட்டன. பாஞ்சாலங்குறிச்சியை உழுது ஆமணக்கு விதைத்து, ஊரின் பெயரையே பதிவேட்டிலிருந்து நீக்கினர். வேலும் வளரியும் வைத்திருந்த கைகள் ஏரை மட்டும் பிடித்தன. வளரி இன்று அருங்காட்சியகப் பொருள். பாளையங்கள் ஜமீன்களாயின. திண்டுக்கல் சீமையை அளந்து வரி வகுத்தவர் கலெக்டர் ஹர்டிஸ். அவ்வரியைக் கட்ட இயலாமல் ஜமீன்கள் பல சில ஆண்டுகளிலேயே நிலுவையில் விழுந்து கம்பெனியிடம் திரும்பின. படையால் முடியாத இடத்தில் கணக்கேடு மிச்ச வேலையை முடித்தது.

பெருவில் இதற்கு இணையானது 1781இல் நடந்தது. தூபாக் அமாருவின் வழிவந்தவர் என்று கூறிக்கொண்டு, அவர் பெயரையே சூடிய தலைவர் ஒருவர் 1780இல் எழுந்தார். மறு ஆண்டு கூஸ்கோவில் அவரைக் கொடிய முறையில் கொன்றனர். அதன்பின் இன்கா மரபு உடைகளும் பட்டங்களும் தடை செய்யப்பட்டன. இன்கா இளவரசியின் மகனான கார்சிலாசோ 1609இல் எழுதிய வரலாற்று நூலுக்கும் தடை வந்தது. அங்கே ஒரு நூலைக் கண்டு அஞ்சினர். இங்கே ஓர் ஊரின் பெயரைக் கண்டு அஞ்சினர்.

பெரிய வேறுபாடு ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். பெருவில் நோயாலும் சுரங்க வேலையாலும் நூறாண்டுக்குள் மக்கள்தொகையின் பெரும்பகுதி அழிந்தது. சமயமும் கோவிலும் வழிபாடும் அழிக்கப்பட்டன. நம் நாட்டில் அத்தகைய பேரழிவு நேரவில்லை. மொழி வாழ்ந்தது, கோவிலும் பள்ளிவாசலும் வாழ்ந்தன. இன்கா மக்களின் கெச்சுவா மொழியும் முற்றாக மடிந்துவிடவில்லை. இன்றும் பல இலட்சம் பேர் அதனைப் பேசுகின்றனர். 1975இல் பெரு அதனை ஆட்சிமொழியாக ஏற்றது.

நாடு கடத்தப்பட்டோர் கதை தனியே எழுதத் தக்கது. 1802இல் 73 பேர் பினாங்குத் தீவுக்கு அனுப்பப்பட்டனர். சின்ன மருதுவின் இளைய மகன் துரைசாமி அவர்களுள் ஒருவர். அப்போது அறியாத வயது. இவர்கள் விலங்குடன் கரையிறங்கிய அத்தீவில்தான் தமிழ் முஸ்லிம் வணிகர் 1801இல் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலை நிறுவியிருந்தனர். ஒரே கடல், ஒரே காலம். ஒருவர் வணிகராகச் சென்று பள்ளிவாசல் எழுப்பினார். மற்றவர் கைதியாகச் சென்று மண் சுமந்தார்.

எழுத்தில் எஞ்சியவை

தமிழ்த்துறை மாணவர்க்கு இப்பகுதியே முதன்மையானது. பிசாரோவின் செயலர் ஹெரெஸ் 1534இலேயே செவில் நகரில் தன் நூலை அச்சிட்டுவிட்டான். வென்றவன் நூல் முதலில் வரும். இன்காக்களின் குரல் தாமதமாக வந்தது. வில்கபாம்பாவில் இருந்த தீத்து கூசி என்னும் அரசர் 1570இல் தம் தந்தை மாங்கோவின் வரலாற்றைச் சொல்லி எழுதுவித்தார். வாமன் போமா என்னும் பழங்குடி அறிஞர் ஏறத்தாழ 1,200 பக்கங்களில், 400 அளவிலான ஓவியங்களுடன் ஸ்பானிய மன்னருக்கு முறையீடு எழுதினார். மன்னர் அதனைப் படித்தாரா என்பதே ஐயம். 1908இல்தான் அது கோப்பன்ஹேகன் நூலகம் ஒன்றில் கண்டெடுக்கப்பட்டது.

தென்னாட்டில் வென்றவர் பக்கத்து நூல்களுள் குறிப்பிடத்தக்கது கர்னல் ஜேம்ஸ் வெல்ஷ் 1830இல் வெளியிட்ட போர் நினைவுக்குறிப்பு. பாஞ்சாலங்குறிச்சியிலும் காளையார்கோவிலிலும் எதிர்த்துப் போரிட்டவர் அவர். ஆனால் மருதுவின் பண்பை மறைக்காமல் எழுதினார். வேல் எறியவும் வளரி வீசவும் தமக்குக் கற்பித்தவர் சின்ன மருதுவே என்கிறார்.

நம்மவர் எழுத்தாக எஞ்சியவை இருவகை. ஒன்று கதைப்பாடல். கட்டபொம்மு கதைப்பாடலையும் கான்சாகிபு சண்டையையும் பேராசிரியர் நா. வானமாமலை பதிப்பித்தார். சிவகங்கைக்குக் கும்மியும் அம்மானையும் அச்சில் உள்ளன. அவ்வளவு பரவிய பாடல் விருப்பாட்சிக்கு வாய்க்கவில்லை. பி.ஆர். ராஜமையரும் பி.எஸ். ராமையாவும் சி.சு. செல்லப்பாவும் புகழ் சேர்த்த வத்தலக்குண்டு எழுத்துக்குப் பஞ்சப்பட்ட ஊரன்று. செல்லப்பா 'சுதந்திர தாக'த்தில் காந்தியுகத்தை மூன்று பாகமாக எழுதிவைத்தார். அதற்கு நூறாண்டு முந்திய போர் இம்மண்ணின் எழுத்தாளர் ஒருவரை இன்னும் எதிர்நோக்கியிருக்கிறது.

மற்றொன்று வம்சாவளி. கர்னல் மெக்கன்சி தொகுத்த சுவடிகளில் திண்டுக்கல் சீமைப் பாளையக்காரரின் வம்சாவளிகள் உள்ளன. சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் மெக்கன்சி சுவடிகளைக் காணலாம். அவற்றைப் படிக்கும்போது ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். இவை தோற்றபின் எழுதியவை. தம் முன்னோர் எப்போது வந்தனர், எந்த வேந்தர் என்ன விருது தந்தார், எந்த ஊர் தமக்கு உரியது என்று புதிய ஆட்சியாளரிடம் மெய்ப்பிக்க எழுதிய விண்ணப்பங்கள். வீழ்ச்சிக்குப் பின் இன்கா உயர்குடியினரும் ஸ்பானிய நீதிமன்றங்களில் இவ்வாறே தம் குலமுறையைச் சான்றுகளுடன் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தனர். கம்பெனியை எதிர்த்த செய்தியை அத்தகைய ஏட்டில் ஒரு குடும்பம் எழுதுமா? எழுதாமல் விட்டதையும் சேர்த்துப் படிக்கத் தெரிந்தவனே அச்சுவடியைப் படித்தவன் ஆவான்.

கம்பெனியாரின் கடிதங்களும் கலெக்டர் ஹர்டிஸ் காலத்து ஆவணங்களும் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. விருப்பாட்சியில் அரசு எழுப்பிய மணிமண்டபம் உள்ளது. இளநிலை மாணவர் அங்கே ஒரு நாள் சென்று வரலாம். முதுநிலை மாணவர் எழும்பூரில் ஒரு கோடை விடுமுறையைச் செலவிடலாம்.

வெல்ஷின் நூலில் இன்னொரு குறிப்பு உண்டு. 1818இல் அவர் பினாங்கு சென்றிருந்தபோது, வயதுக்கு மீறி மூப்படைந்து தளர்ந்த ஒருவர் அவரைத் தேடி வந்தார். வெல்ஷுக்கு அடையாளம் தெரியவில்லை. யாரென்று வினவினார். வந்தவர் தம் பெயரைச் சொன்னார்: துரைசாமி. தமக்கு வளரி வீசக் கற்பித்தவரின் மகன் எதிரே நிற்பதை அப்போதுதான் அவர் உணர்ந்தார்.